கன்னத்துக் காத்து

சார், அந்தப் பையைக் கொஞ்சம் அங்கிட்டு நகத்திக்கிருங்க, நானும் உக்காந்துக்கிறேன். நெலக்கோட்டை வரைக்குந்தான். நீங்க வத்தலக்குண்டா? நல்லதாப் போச்சு, எனக்கு முன்னாடி எறங்கிர மாட்டீங்க. இந்தாங்க, பஜ்ஜி. மொளகா பஜ்ஜி சார், வாழைக்கா இல்ல. எடுங்க. சந்தோசத்துல குடுக்குறேன், வேண்டாங்கப்படாது. ஆரப்பாளையத்துல ஏழு வாங்குனேன், பஸ்ஸு கெளம்புறதுக்குள்ள நாலு உள்ள போயிருச்சு. மூணு மாசமாச்சு சார், மொளகாயைக் கண்ணால பாத்து!

என்னடா இந்த ஆளு தன்னால சிரிக்கிறான்னு பாக்குறீங்க. குடிச்சிருக்கான்னு நெனைப்பீங்க. குடிச்சிருக்கேன், இல்லைங்கல. ஜிகர்தண்டா, ரெண்டு. இந்தா பாருங்க, இந்தக் காயிதந்தான் காரணம். மடக்கி மடக்கி அதுக்குள்ளயே கசங்கிப்போச்சு, ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து பதினோரு தடவ பிரிச்சுப் பாத்துட்டேன். என் வயித்துல கிருமி இல்லைன்னு போட்டிருக்கான் சார். மிசினே சொல்லிருச்சு. இல்ல! போயிருச்சு!

எம் பேரு சந்தியாகு. நெலக்கோட்டை மிக்கேல் பேண்டு செட்டு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல கிளாரினெட்டு. முப்பது வருசமா முன் வரிசை, வலது ஓரம். மடியில இருக்குதே, இந்தப் பொட்டிதான். ஆஸ்பத்திரிக்கு எதுக்கு இதைத் தூக்கிட்டுப் போனேன்னு கேக்காதீங்க, இது இல்லாம எனக்கு ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கும்.

ஊதுறதுல நம்மளை அடிக்க இந்த வட்டாரத்துல ஆள் கெடையாது. பெருமைக்குச் சொல்லல. ஒரே சுரத்தை ஏழு நிமிசம் அறுபடாம நிறுத்துவேன். எப்பிடின்னா, கன்னத்துல காத்தை நெரப்பி வச்சுக்கிருவேன். நெஞ்சுக் காத்து தீர்ற நேரத்துக்கு கன்னத்துக் காத்து போய்க்கிட்டே இருக்கும், அந்த சந்துல மூக்கு வழியா இழுத்துருவேன். கேக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வித்தையாலதான் சார் நான் ஆஸ்பத்திரியில மானங்கெட்டேன். அதுக்கு அப்பறம் வர்றேன்.

ஆனி கடைசி முகூர்த்தம். செம்பட்டியில மாப்பிள்ளை அழைப்பு. குதிரை முன்னாடி போகுது, நாங்க பின்னாடி. பாதிப் பாட்டுல வயித்துல ஒரு வலி, யாரோ உள்ள கைய விட்டுப் பெசையுற மாதிரி. நின்னுட்டேன். முப்பது வருசத்துல மொத தடவ, பாதிப் பாட்டுல நின்னுட்டேன் சார்! குதிரையே திரும்பிப் பாத்துச்சு. பின்னாடி நின்ன பிச்சை, என் பொண்டாட்டி கூடப் பொறந்தவன், எனக்கு மச்சினன், விட்ட எடத்துல இருந்து எடுத்து ஊதிட்டான். அத மட்டும் நான் மறக்க மாட்டேன்.

எங்க அப்பாவும் கிளாரினெட்டுதான். வயிறு வலிச்சா ஒரு சோடாவைக் குடிப்பாரு, ஏப்பம் விடுவாரு, ஊதுவாரு. ஒரு நாள் வெளிக்கிப் போனது தார் மாதிரி கறுப்பா இருக்குன்னாரு. மறுநாள் ரத்தமா எடுத்தாரு. அம்புட்டுத்தான். அப்ப அவருக்கு அம்பத்திரண்டு. எனக்கு இப்ப எத்தனைங்கிறீங்க? அம்பத்திரண்டு. நான் பயப்படல. சும்மா கணக்குச் சொன்னேன்.

என் சம்சாரந்தான் மதுரைக்கு இழுத்துட்டு வந்தா. சலேத்துன்னு பேரு, சலேத்துமேரி. வீட்டுல பூக்கட்டுறவ. வாய் வழியா குழாயை விட்டு கேமராவுல பாத்தாங்க. டாக்டரம்மா சொன்னாங்க, வயித்துல புண்ணு, புண்ணுக்குக் காரணம் பைலோரின்னு ஒரு கிருமி. பேரைக் கேட்டீங்களா? ஏதோ கான்வெண்டு டீச்சரம்மா பேரு மாதிரி! நல்ல வேளையா வேற பெரிய சீக்கு எதுவும் இல்ல, பதினாலு நாளு மாத்திரை விடாம தின்னா கிருமி செத்துரும், அப்பறம் ஒரு மாசம் விட்டு, செத்துச்சா இல்லையான்னு மூச்சை ஊதச் சொல்லி டெஸ்ட்டு எடுப்போம்னாங்க. வலி நின்னுருச்சுன்னு டெஸ்ட்டுக்கு வராம இருந்துறாதீங்க, வலி நின்னாலும் கிருமி ஒளிஞ்சு கெடக்கும்னாங்க. எனக்கு எல்லாம் மறந்துபோச்சு சார், ஊதணும்னதும் குஷியாகிட்டேன். ஊதுறதா! நமக்கா!

கெளம்புறப்ப டாக்டரம்மா கேட்டாங்க, வீட்டுல வேற யாருக்கும் வயித்து உபத்திரவம் இருக்கா, இது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வர்றதுதான், இருந்தா கூட்டிட்டு வாங்கன்னு. எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா, நான் ஒருத்தந்தான் சீக்காளின்னேன். ஒடனே சலேத்து கேக்குறா, “இது பொம்பளைகளுக்கும் வருமாம்மா?” எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஏம்ப்பா, கிருமிக்கு வேட்டியும் சேலையும் தெரியுமான்னு கேட்டு, நானும் சிரிச்சு டாக்டரம்மாவையும் சிரிக்க வச்சுட்டேன். ஏன் கேக்குறீங்கன்னு டாக்டரம்மா அவளைக் கேட்டாங்க. சும்மாதான்னுட்டா. அவ அப்பிடித்தான், எடக்கு மடக்கா எதையாச்சும் கேப்பா.

ஒருத்தர்கிட்ட இருந்து வரும்னதும் எனக்குப் புடிச்சுக்கிருச்சு சார், யாரு குடுத்தா? வீட்டுக்கு வந்து விரலை மடக்கிட்டேன். தங்கராசு டீக்கடை கிளாசு, ஒண்ணு. அவன் கழுவுறதை நீங்க பாக்கணும், கிளாசுக்கு ஞானஸ்நானம் குடுக்குற மாதிரி ரெண்டு சொட்டு. எங்க பேண்டு மாஸ்டர் இன்னாசி, ரெண்டு. ஒரே பாட்டில்ல வாய் வச்சுத் தண்ணி குடிப்பாரு. மூணாவது பிச்சை. என் கிளாரினெட்டை எடுத்து எனக்குத் தெரியாம வாயில வச்சிருக்கான், வாயி வைக்கிற எடத்துல வெத்தலை வாடை! ஒரு மாசமா நான் இந்த மூணு பேருகூடவும் பேசல. டாக்டரம்மா, சின்ன வயசுலயே வந்திருக்கும், இப்ப கண்டுபுடிக்க முடியாதுன்னாங்க. அதெல்லாம் எனக்கு ஏறல.

பதினாலு நாளு, சார். காலையில ஒரு கை மாத்திரை, சாயங்காலம் ஒரு கை மாத்திரை. வாயெல்லாம் அஞ்சு ரூவாத் துட்டைச் சப்புன மாதிரி கைப்பு. நான் ஒளிச்சுத் துப்பிருவேன்னு சலேத்துக்குத் தெரியும். முன்னாடி நின்னு, முழுங்கிட்டு வாயைத் தொறந்து காட்டணும். காட்டுனா, பூக்கட்டுற நூல்ல ஒரு முடிச்சுப் போடுவா. ஒரு வேளைக்கு ஒரு முடிச்சு. இருவத்தெட்டு முடிச்சு. நூலு ஜன்னல்ல தொங்கும். ஜெயிலரு சார் அவ! நான் தயிர் சோறு திங்கும்போதெல்லாம் அவளும் தயிர் சோறுதான். மீன் கொழம்பு ஒனக்குன்னு தனியா வச்சுக்கடின்னு சொன்னேன், எனக்கு இதே பழகிப்போச்சுன்னுட்டா. பிரியம் சார். கல்யாணமான நாள்ல இருந்து நான் சாப்பிட்ட தட்டுலதான் அவ சாப்பிடுவா, நான் ரெண்டு வாய் மிச்சம் வைப்பேன். எத்தனை வீட்டுல இருக்கு இப்ப?

ஏழாம் நாளு கூத்தைக் கேளுங்க. காலையில போறேன், கறுப்பு! தாரு சார்! எங்க அப்பா சொன்ன அதே தாரு. நான் அங்கனயே உக்காந்து கத்துறேன், சலேத்து, பாதருக்கு ஆள் அனுப்பு, சாகுறதுக்கு முன்னாடி பூசுதல் குடுக்கணும், கிளாரினெட்டைப் பிச்சைக்கு மட்டும் குடுத்துறாதன்னு! அவ கதவுக்கு வெளிய நிக்கிறா. நின்னு சிரிக்கிறா. “அதுல ஒரு மாத்திரை கறுப்பாத்தான் போக வைக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல? நீங்க அப்ப அங்க மாட்டியிருந்த குடல் படத்தைப் பாத்துக்கிட்டிருந்தீங்க.” வெளிய வந்து பாக்குறேன், சிரிச்சு முடிக்க முடியாம வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சுவத்துல சாஞ்சிருக்கா. கண்ணுல தண்ணி. அம்புட்டுச் சிரிப்பு!

மாத்திரை முடிஞ்சு நாலு வாரம் கழிச்சு, அங்க இங்க கேட்டு இரவல் வாங்குன ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டு டெஸ்ட்டுக்குப் போனேன். தாரணின்னு ஒரு பொண்ணு, எடுத்த எடுப்புல கேக்குது, புளிப்பு அடக்குற மாத்திரையை ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்களா? நிறுத்தலையே. நிறுத்தத்தான் சொல்லியிருந்தாங்க, எங்க அப்பா நெனப்பு வந்து, சலேத்துக்குத் தெரியாம தின்னுக்கிட்டிருந்தேன். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த மாத்திரை தின்னா கிருமி பம்மிக்கிருமாம், இருந்தாலும் இல்லைன்னு காட்டுமாம். போங்க சார், ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு திருப்பி அனுப்பிருச்சு. ஆவணி முகூர்த்தம் பூராம் போச்சு. பிச்சை முன் வரிசையில நின்னு ஊதுறான், நான் வீட்டுல பூவு உருவிக் குடுத்துக்கிட்டிருக்கேன்.

மிச்சம் இருந்த அந்தப் புளிப்பு மாத்திரையை மாதா படத்துக்குப் பின்னாடி வச்சேன். ஒரு அட்டை, முழுசா பதினஞ்சு. பத்து நாளு கழிச்சு எதுக்கோ எடுத்துப் பாக்குறேன், நாலுதான் இருக்கு! சலேத்தைக் கேட்டா, எலி தூக்கியிருக்கும்ங்குறா. எந்த எலி சார், அட்டையை எடத்துலயே வச்சுட்டு மாத்திரையை மட்டும் பிதுக்கித் திங்கும்? எனக்குத் தெரியும், பிச்சைதான். வந்து போற ஒரே ஆளு அவந்தான். எடத்தையும் எடுத்தான், மாத்திரையையும் எடுத்தான். அவனைத் தெருவுல வச்சுக் கேட்டே கேட்டுட்டேன். மாமா, எனக்கு எதுக்கு ஒங்க மாத்திரைன்னு மூஞ்சியை அப்பாவியா வச்சுக்கிட்டான்.

சமயநல்லூர் தாண்டிருச்சா? நீங்க இன்னொண்ணு எடுங்க சார், ஆறிப்போகுது.

ரெண்டாவது தடவ போனேன். வெறும் வயிறு. தாரணி ஒரு பையைக் குடுத்து ஊதச் சொல்லிச்சு. மருந்துத் தண்ணி குடுத்துச்சு, அரை மணி நேரம் உக்காரச் சொல்லிச்சு, இன்னொரு பையைக் குடுத்துச்சு. ஊதுனேன் பாருங்க! கன்னத்தை நெரப்பி, மூக்குல இழுத்து, விடாம. பக்கத்துல உக்காந்திருந்த நாலு பேரு அசந்துட்டாங்க. பையி நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குது. மிசின்ல மாட்டுச்சு அந்தப் பொண்ணு. பாத்துச்சு. திரும்பவும் மாட்டுச்சு. “சார், இது மூச்சே இல்ல. வெறும் காத்து.”

என்கிட்ட! முப்பது வருசமா ஊதுறவன்கிட்ட! ஏம்மா, நான் யாருன்னு தெரியுமான்னு பொட்டியைத் தொறந்தே காட்டிட்டேன். அந்தப் பொண்ணு அசரல. “கன்னத்துல இருக்குறது வெளிக்காத்து சார், அது உள்ளயே போகல. எனக்கு நெஞ்சுக்கு அடியில கெடக்குற மூச்சு வேணும். இழுத்து, பத்து எண்ணி, மெதுவா விட்டு, கடைசியில மிச்சம் இருக்கும் பாருங்க, அதுதான் வேணும்.” மறு வாரம் வரச் சொல்லிருச்சு. ஒரு வாரம் வீட்டுல பயிற்சி எடுத்தேன் சார், பலூனை வச்சு! சலேத்து பக்கத்துல உக்காந்து எண்ணுவா. ஒண்ணு, ரெண்டு, மூணு... வயித்துல தலகாணியை அணைச்சுக்கிட்டு, குனிஞ்சு உக்காந்து பூக்கட்டிக்கிட்டே எண்ணுவா. எனக்குப் பத்து எண்ணுறதுக்குள்ள அவளுக்கு மூச்சு வாங்கும். நோயாளி யாருன்னு தெரியலையேன்னு நான் கேலி பண்ணுவேன்.

முந்தாநாளு ஊதுனேன். மிச்ச மூச்சு. இன்னைக்குக் காயிதம். இல்ல! தாரணிக்குக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன். ஐப்பசி மொத முகூர்த்தத்துக்கு முன் வரிசை, வலது ஓரம், நாந்தான். பையில அரைக் கிலோ ஆட்டுக்கறி இருக்கு. கண்ணு கலங்குற காரத்துல கொழம்பு வைக்கச் சொல்லணும். பாவம், என்னால அவ நாக்கும் மூணு மாசமா செத்துக் கெடக்கு. ரொம்ப எளச்சும் போயிட்டா, ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு கெடக்கு. ரெண்டைப் புடிச்சுத் தச்சுப் போட்டிருக்கா.

என்னத்தா? நீ என்னையவா கேட்ட? சார், இந்த முன் சீட்டுப் பொண்ணு வாடிப்பட்டியில ஏறுனதுல இருந்து காதை இங்கிட்டே வச்சிருக்கு. கேளு தாயி, ரகசியம் ஒண்ணும் இல்ல.

அந்த அக்கா நல்லாச் சோறு திங்கிறாங்களான்னா?

திங்கிறா. ஏன் திங்காம? காலையில... காலையில திங்க மாட்டா, வெறும் பால் குடிப்பா, ஆறவச்சு. மத்தியானம் ரெண்டு வாய். நான் மிச்சம் வைக்கிறதுதான். அதுலயும் ரசத்தை ஊத்திக்க மாட்டா. எப்பயிருந்தா? அது... எனக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்தே, போன கார்த்திகையில ஒரு தடவ, நெஞ்சைக் கரிக்குதுன்னா. தலகாணி எதுக்கா? முதுகு வலிக்குன்னு... இல்ல, முதுகு வலின்னு நானாத்தான் நெனச்சேன். அவ சொல்லல.

சிரிக்கும்போது வயித்தைப் புடிச்சது சிரிப்புக்குத்தானே சார்?

பொம்பளைகளுக்கும் வருமான்னு கேட்டா. என் பக்கத்துலயே உக்காந்து கேட்டா.

எலி.

சார், இந்தப் பொட்டியைக் கொஞ்சம் புடிங்க. போனு எங்க... இந்தா.

ஏ சலேத்து. நாந்தான். பஸ்ல. ஆமா, இல்லைன்னு வந்துருச்சு. அழுகாத, ஏ, அழுகாதப்பா. அது கெடக்கட்டும். அந்த எலி எப்பிடி இருக்கு? நம்ம வீட்டு எலிதான். மாத்திரை தின்ன எலி.

கத்தாதீங்கங்குறா சார்.

நான் கத்தல. சத்தியமா கத்தல. எத்தனை நாளா? ம். ம். கார்த்திகையில இருந்தா? கறுப்பாப் போகுதா ஒனக்கு? மாத்திரையால இல்ல, சும்மாவே? மாதா மேல சொல்லு. சொல்லு. இல்லையா? ரத்தம் கித்தம்? சரி. சரி. ஏன் சொல்லல நீ?

என்ன சொல்றா தெரியுமா சார்? நீங்க ஒங்க அப்பா கதையையே பேசிக்கிட்டிருந்தீங்க, நடுவுல நான் எங்கிட்டுச் சொல்றதுங்குறா.

யாரு குடுத்தான்னு விரலை மடக்குனேன் சார். தங்கராசு, இன்னாசி, பிச்சை. யாருக்குக் குடுத்தேன்னு ஒரு விரலாச்சும் மடக்குனனா? இருவத்தாறு வருசம், நான் வாய் வச்ச தட்டுல. பிரியம்னு ஒங்ககிட்ட வேற பெருமை பேசிட்டேன். எனக்குப் பயமா இருக்கு சார். எனக்குன்னு இருந்தப்பகூட இம்புட்டுப் பயம் இல்ல.

இருக்கேன் சலேத்து, இருக்கேன். கேளு. நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு, ரெண்டு பேரும் டாக்டரம்மாட்ட போறோம். கட்டுன பூவை அப்பிடியே வையி, பிச்சை வந்து குடுத்துட்டு வரட்டும். ஆமா, பிச்சைதான், நானே அவனைக் கேக்குறேன். கால்ல விழுந்துகூடக் கேக்குறேன், போதுமா? மாத்திரை ஏதாச்சும் மிச்சம் இருந்தா, அதைத் தொடாத. தின்னா ஒன் கிருமியும் பம்மிக்கிரும், மிசினுக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தின்னுட்டியா? காலையிலயா? சரி, அப்ப இன்னையில இருந்து ரெண்டு வாரம் எண்ணிக்கிருவோம். டாக்டரம்மா குழாய் விடணும்னாலும் பயப்படாத, நான் கையைப் புடிச்சுக்கிருவேன். ஊதச் சொன்னா...

ஊதத் தெரியாதாம் சார் அவளுக்கு! கிளாரினெட்டுக்காரன் பொண்டாட்டி!

நான் சொல்லித் தர்றேன். இப்பவே. போனை வாய்க்கிட்ட வையி. இழு. நிறுத்து. நான் எண்ணுறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. கன்னத்துல வைக்காத, அது வெளிக்காத்து. ஆறு. ஏழு. வலிக்குதா? வலிச்சா விட்டுரு. இல்லையா? ஒம்போது. பத்து. மெதுவா விடு. இன்னும் விடு. இன்னும் இருக்கும் பாரு, அடியில. அத ஊது.

கேக்குது. எனக்கு நல்லாக் கேக்குது. வச்சுரு, வந்துருறேன்.

நெலக்கோட்டை வந்துருச்சா? எறங்கணும், கண்டக்டர் அண்ணே, எறங்கணும்! சார், இந்தக் கறியை நீங்க கொண்டுட்டுப் போங்க. கூச்சப்படாதீங்க, எங்க வீட்டுல இன்னைக்கு யாரும் திங்க மாட்டாங்க, தயிர் சோறுதான், ரெண்டு தட்டுல. பொட்டி, பொட்டியைக் குடுங்க. தாயி, ஒன் தலையில இருக்குற பூவுல கொஞ்சம் நூல் தொங்குதே, அந்தத் துணுக்கை எனக்குக் குடுக்குறியா? பூவு வேண்டாம், நூலு போதும், இனி அவளுக்கு நாந்தான் நாள் எண்ணணும். இந்த முடிச்சு எப்பிடித்தா போடுறது? இருவத்தாறு வருசமா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், ஒரு நாளும் பாக்கல.